எல்லையில்லாத படைப்பாளன்: அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "'எல்லையற்ற படைப்பாளன்' என்று இப்போது பல ஆன்மிக வகுப்புகளில் சொல்கிறார்கள். அவன் ஒருவனே உலகமாக விரிந்தானாம். நாமெல்லாம் அவனுடைய துளிகளாம். தன்னைத் தானே அனுபவிக்கத்தான் நம்மைப் படைத்தானாம். நம்ம ஊர்ச் சாமி கும்பிடுகிற முறைக்கும் இதற்கும் ஒத்து வருமா? எல்லையில்லாதவன் ஒரு கல்லுக்குள்ளும் கம்பத்துக்குள்ளும் எப்படி அடங்குவான்?"

நான் பண்டிதன் இல்லை. பல்லடத்துக்கும் அவிநாசிக்கும் நடுவே தறிக்குடோன் வைத்திருந்தவன். இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான். நடுவில் சில வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். திருமுறையும் கொஞ்சம் சாத்திரமும் அங்கே காதில் விழுந்ததுதான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: 'எல்லையற்ற' என்ற சொல்லில் நம்மூர்க்காரர்களுக்குச் சிரமமே இல்லை. 'படைப்பாளன்' என்ற சொல்தான் வம்பு பிடித்தது. அதில்தான் ஒவ்வொரு சமயமும் வேறு வேறு பக்கம் போகிறது. 'எல்லாம் ஒன்றுதானுங்க' என்று சொல்லித் தட்டிவிடலாம், ஆனால் அது சோம்பேறித்தனம்.

முதலில் 'எல்லையற்ற' என்பதைப் பார்ப்போம். இதைப் பலரும் 'ரொம்ப ரொம்பப் பெரிய' என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். குழப்பம் அங்கிருந்தே தொடங்குகிறது. பெரியது என்றால் சின்ன இடத்துக்குள் நுழையாது அல்லவா? லாரி சந்துக்குள் வராத மாதிரி.

எங்கள் குடோனில் ஓட்டுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. காலை ஒன்பது மணி வாக்கில் அதன் வழியாக வெயில் சாய்வாக ஒரு தூண் மாதிரி இறங்கும். தறி ஓடுகிற இடத்தில் பஞ்சு பறக்காமல் இருக்குமா? அந்த வெயில் தூணுக்குள் மட்டும் பஞ்சுத் தூசி ஆயிரக்கணக்கில் மேலும் கீழும் மிதக்கும். கையை நீட்டினால் விலகிப் போய்த் திரும்பி வரும். தூணுக்கு வெளியே ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். இதைப் பல வருடம் பார்த்துவிட்டுத்தான் வகுப்பில் திருவாசகத்தின் திருவண்டப்பகுதியைக் கேட்டேன். அண்டங்கள் நூற்றொரு கோடிக்கும் மேலே விரிந்து கிடக்கின்றன என்று கணக்குச் சொல்லிவிட்டு, மாணிக்கவாசகர் சொல்கிறார்:

"இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச் சிறியவாகப் பெரியோன்."

இல் நுழை கதிர், அதாவது வீட்டுக்குள் நுழைகிற வெயில். அந்த வெயிலில் தெரிகிற தூசி மாதிரி அண்டங்கள் எல்லாம் சிறியவாகிப் போக, அவன் பெரியவன். எனக்கு அன்றைக்குப் பட்டது இதுதான்: வெயில் என்பது தூசியைவிடப் பெரிய இன்னொரு தூசி இல்லை. அது வேறு ஜாதிப் பொருள். தூசியோடு சேர்த்து எண்ண முடியாது, அளக்க முடியாது. இது என் வியாக்கியானம், பாட்டில் நேராக இப்படி இல்லை. ஆனால் அதே பாட்டில் சற்றுத் தள்ளி, "விரிபொழில் முழுதாய் விரிந்தோன் காண்க, அணுத்தரும் தன்மையில் ஐயோன் காண்க" என்று இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார். உலகம் முழுக்க விரிந்தவனும் அவன்தான், அணுவைப் போல நுண்ணியவனும் அவன்தான். வெறும் 'பெரிய' சாமி என்றால் இரண்டாவது வரிக்கு வேலையே இல்லை.

ஆக எல்லையில்லாதவன் என்றால், 'இங்கே அவன் இல்லை' என்று ஒரு கோடு போட முடியாதவன். எங்கள் ஊர் மேற்கு எல்லையில் கருப்பராயன் இருக்கிறார். எல்லை காக்கிற சாமி. எல்லையில்லாதவனை எல்லையில் நிறுத்தியிருக்கிறோமே என்று சிரிக்கலாம். அந்த எல்லை ஊருக்கு, சாமிக்கு இல்லை என்று கும்பிடுகிறவருக்குத் தெரியும். "நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்" என்று கேட்ட சித்தர் சிவவாக்கியர் வழிபட்ட மலை என்று காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையைச் சொல்வார்கள். அந்த மலையில்தான், பக்தர் ஒருவரின் கனவில் முருகன் கேட்ட பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'ஆண்டவன் உத்தரவு' என்று ஊரே வந்து பார்க்கிறது. இரண்டையும் ஒரே மலையில் வைத்துக்கொள்ள நம் ஆட்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். அவிநாசி. இது முதலில் ஊர்ப் பெயரே இல்லை, சாமியின் பெயர். விநாசம் என்றால் அழிவு. அவிநாசி என்றால் அழிவில்லாதவன். ஊருக்குப் பழைய பெயர் திருப்புக்கொளியூர். சுந்தரர் பாட்டிலேயே "புக்கொளியூர் அவிநாசியே" என்றுதான் வருகிறது. காலப்போக்கில் சாமி பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்குத் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "அவிநாசி, அவிநாசி, ஏறுங்க" என்று கத்துகிறாரே, என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே அழிவில்லாதவனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த ஊரில் சுந்தரர் வந்தபோது நடந்ததாகப் பெரியபுராணம், வெள்ளானைச் சருக்கத்தில் சொல்கிற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வீட்டில் பையனுக்குப் பூணூல் கல்யாணம், மங்கல ஓசை. எதிர் வீட்டில் அழுகை. இரண்டு பையன்களும் முன்பு ஒன்றாகக் குளத்தில் குளித்தவர்கள். ஒருவனை முதலை கொண்டுபோய்விட்டது. மற்றவனுக்கு விசேஷம் நடக்கும்போது இவர்களுக்குப் பழைய துக்கம் திரும்பி வந்துவிட்டது. சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். முதலை பையனைக் கரையில் கொண்டுவந்து விட்டது, இடையில் போன ஆண்டுகளின் வளர்த்தியோடு.

நடந்ததா இல்லையா என்று நான் வாதாட வரவில்லை. பாட்டைக் கவனியுங்கள்:

"உரைப்பார் உரையுகந்து உள்கவல்லார் தங்கள் உச்சியாய்
அரைக்காடு அரவா ஆதியும் அந்தமும் ஆயினாய்
புரைக்காடு சோலைப் புக்கொளியூர் அவிநாசியே
கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே."

இரண்டாவது அடியில் ஆதியும் அந்தமும் ஆனவன். நான்காவது அடியில், அந்தப் பையனைத் தரச்சொல் என்ற கேட்பு. நடுவில் மூச்சு வாங்கக்கூட இடைவெளி இல்லை. ஆதியும் அந்தமும் ஆனவனுக்கு ஒரு குளத்து முதலை விஷயம் சின்ன விஷயம் என்று சுந்தரருக்குத் தோன்றவே இல்லை. 'எல்லையற்ற படைப்பாளன்' என்று உங்கள் ஆன்மிக வகுப்பில் சொல்லும்போது எனக்கு உறுத்துவது இங்கேதான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்காரலாம். ஒரு பிள்ளையைத் திருப்பிக் கேட்க முடியுமா?

சரி, ஒரு சந்தேகம் வரும். மாணிக்கவாசகர் திருவெம்பாவையில் "ஆதியும் அந்தமும் இல்லா அரும்பெருஞ்சோதி" என்கிறார். சுந்தரர் "ஆதியும் அந்தமும் ஆயினாய்" என்கிறார். இல்லையா, ஆனதா? அவனுக்கு ஆதி அந்தம் இல்லை, நமக்கு ஆதியும் அந்தமும் அவன். சிவபுராணத்தில் ஒரே மூச்சில் இரண்டும் வந்துவிடுகிறது: "ஆக்கம் அளவிறுதி இல்லாய் அனைத்துலகும் ஆக்குவாய் காப்பாய் அழிப்பாய் அருள்தருவாய்." தனக்கு ஆக்கம் இல்லாதவன் பிறவற்றை ஆக்குகிறான். உங்கள் 'எல்லையற்ற படைப்பாளன்' இந்த வரியில் முழுசாக இருக்கிறான்.

ஆனால் 'ஆக்குவாய்' என்றால் எப்படி ஆக்குவது? இப்போதுதான் வம்பு.

நம் புராணக் கணக்கில் படைப்பது பிரமனின் வேலை. கொடுமுடிக்குப் போயிருப்பீர்கள், காவிரிக் கரையில் ஒரே வளாகத்துக்குள் மகுடேசுவரரும் வீரநாராயணப் பெருமாளும் பிரமனும் இருக்கிறார்கள். பிரமன் இருப்பது வன்னி மரத்தடியில். அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும்: படைப்புக்கடவுள் இவர், ஆனால் எல்லையில்லாதவர் இல்லை. அவருடைய ஒரு பகல் நம் கணக்கில் 432 கோடி வருடம், ராத்திரியும் அவ்வளவே. அப்படி 100 வருடம் முடிந்தால் அவர் ஆயுசும் முடிந்தது. சோதியின் முடியைத் தேடிப்போய்க் காண முடியாமல் திரும்பியவரும் அவரே. அதாவது, நம் பெரியவர்கள் 'எல்லையில்லாதவன்' என்பதையும் 'படைக்கிறவன்' என்பதையும் பிரித்தே வைத்திருந்தார்கள். படைப்பு ஒரு பதவி. அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கும் ஓய்வு பெறும் நாள் உண்டு.

அப்படியானால் மேலே இருப்பவன் என்ன செய்கிறான்? வகுப்பில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். "சிவன் ஒன்றும் இல்லாததிலிருந்து உலகத்தைப் படைத்தார்" என்று தைரியமாக எழுந்து சொன்னேன். வகுப்பு எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்படீங்களா? அப்ப உங்க ஆணவத்தையும் அவரே படைச்சுக் குடுத்தாருங்களா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கு இரண்டு வாரம் தூக்கம் சரியாக வரவில்லை. கேள்வி அவ்வளவு சரியானது. எல்லாவற்றையும் ஒன்றுமில்லாததிலிருந்து அவனே உண்டாக்கினான் என்றால் பொல்லாப்பும் அவன் கணக்கில்தான் வரும்.

சைவ சித்தாந்தத்தின் பதில்: பதி, பசு, பாசம் மூன்றுமே அநாதி. இறைவனும் உயிரும் கட்டும், மூன்றுக்கும் தொடக்கம் இல்லை. இல்லாதது தோன்றாது, உள்ளதுதான் தோன்றும். சாத்திரப் புத்தகங்களில் குயவன் உதாரணம் வரும்: மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம், அதாவது செய்கிறவன். எனக்குக் குயவன் வேலை தெரியாது, தறி தெரியும். நெய்கிற நூல்தான் மாயை, அதாவது உலகத்துக்கு மூலப்பொருள். தறி அவனுடைய சத்தி, அதாவது ஆற்றல். நெய்கிறவன் அவன். துணி உலகம். நூலை அவன் உண்டாக்கவில்லை, ஆனால் அவன் நெய்யாமல் நூல் துணியாகாது. யாருக்காக நெய்கிறான்? உடுத்தத் துணியில்லாமல் இருட்டில் கிடக்கிற உயிர்களுக்காக.

மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரத்தில் சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தை முடித்தார். முதல் சூத்திரத்தின் கடைசி அடி: "அந்தம் ஆதி என்மனார் புலவர்." முடிவாக இருப்பவனே தொடக்கம். இது முதலில் எனக்கு வார்த்தை விளையாட்டாகவே தெரிந்தது. புரிந்தது குடோனில்தான். ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், தீர்ந்துபோகும்போது அதை அச்சு, விழுது என்று இழைகள் கோத்திருக்கிற தறி உறுப்புகளிலிருந்து முழுசாக உருவிப் போட மாட்டோம். உருவினால் ஒவ்வொரு இழையையும் மறுபடி கோக்க வேண்டிவரும். பழைய பாவின் கடைசி நுனிகள் தொங்கும்படி விட்டு, புதுப் பாவின் முதல் நுனிகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். பாவு பிணைக்க ஒருவர் வருவார். தறிக்குப் பின்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு இழையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரே முறுக்கு. ஆயிரக்கணக்கான இழை. பேச்சே இருக்காது. பழையதன் அந்தம் புதியதன் ஆதியாவது அந்த விரல் நடுவில்தான். தறி நின்றபின்னும் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பதால்தான் மறுபடி தறி ஓடுகிறது. உலகம் ஒடுங்கியபின் எவன் மிச்சம் இருக்கிறானோ, அவனிடமிருந்துதான் அது மறுபடி கிளம்ப முடியும். மெய்கண்டார் சொல்வது அவ்வளவுதான். அழிக்கிறவனையே முதல்வன் என்று சைவம் ஏன் பிடித்துக்கொண்டது என்பதும் இதில் இருக்கிறது.

இதற்கு எதிர்க்கேள்வி உண்டு, மறைக்கக் கூடாது. நூல் அவன் உண்டாக்காதது என்றால், நூல் இருக்கிற அளவுக்கு அவனுக்கு எல்லை வந்துவிட்டதே? உபநிடதம் படித்தவர்கள் இதைத்தான் கேட்பார்கள். அவர்கள் உதாரணம் சிலந்தி. முண்டக உபநிடதத்தில் வருவது. சிலந்தி தன்னிலிருந்தே நூலை விட்டுத் தன்னுள்ளேயே இழுத்துக்கொள்கிறது. நூல் வாங்க அதற்கு ஈரோட்டுக்குப் போகிற வேலை இல்லை. வைணவமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது: உலகத்துக்கு முதற்காரணமும் நிமித்த காரணமும் அவனே, உலகமும் உயிரும் அவனுக்கு உடம்பு. "உளன் எனில் உளன் அவன் உருவம் இவ்வுருவுகள்" என்று நம்மாழ்வார் சொல்வதை இந்த வழியில்தான் படிப்பார்கள். சித்தாந்திகளின் மறுமொழி, சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவத்தின் திருவருட்பயன் முதல் குறளில் இருக்கிறது: "அகர உயிர்போல் அறிவாகி எங்கும் நிகரிலிறை நிற்கும் நிறைந்து." எல்லா எழுத்திலும் 'அ' ஊடுருவி நிற்கிறது. மற்ற எழுத்துகள் இருப்பதால் 'அ' குறுகிப் போகவில்லை. எனக்கு இந்தப் பதில் போதும். சிலந்திக் கட்சிக்காரர்களுக்குப் போதாது. சண்டை இன்னும் தீரவில்லை.

உங்கள் வகுப்பில் சொல்கிற 'துளி' சிலந்திக் கட்சிக்குப் பக்கத்தில்தான் வருகிறது. சைவ சித்தாந்தத்தில் உயிர் துளி ஆகாது. துளி என்றால் கடலில் விழுந்தவுடன் துளி காணாமல் போய்விடும், அப்புறம் இன்பத்தை அனுபவிக்க யார் மிச்சம்? அதே திருவருட்பயனில் உயிர் இறைவனோடு சேர்வதை உமாபதி சிவம் "தாடலைபோல்" என்று ஒரு சொல்லை வைத்து விளக்குகிறார். தாள், தலை. அடியும் தலையும் சேர்ந்தால் 'தாடலை'. ஒரே சொல்லாகிவிட்டது, ஆனால் தாளும் போகவில்லை, தலையும் போகவில்லை. ஒரு புணர்ச்சி விதியில் முத்தியைச் சொல்லிவிட்டார் மனுஷன்.

புணர்ச்சி விதி என்றதும் நன்னூல் ஞாபகம் வருகிறது. பெருந்துறைக்குப் பக்கத்தில் சீனாபுரத்துக்காரரான பவணந்தி முனிவர் எழுதியது. அவர் சமணர். கொங்கு நாட்டில் சமணம் பெரிதாக இருந்த காலம் உண்டு. விஜயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் நிற்கிறது. நன்னூல் எழுத்ததிகாரத்தைத் தொடங்கும்போது, "பூமலி அசோகின் புனைநிழல் அமர்ந்த நான்முகற் றொழுது" என்று வணங்குகிறார். நான்முகன் என்றால் நமக்குப் பிரமன், படைப்புக்கடவுள். அவர் அந்தச் சொல்லால் வணங்குவது அசோக மரத்தடியில் வீற்றிருக்கும் அருகனை, சமணர்கள் வணங்குகிறவரை. அருகன் எதையும் படைப்பதில்லை. சமணத்தில் உலகத்துக்குப் படைப்பாளனே கிடையாது. துணி இருக்கிறது, நெய்கிறவன் இல்லை, என்றைக்கும் அப்படியே. படைப்பாளனின் பெயரை எடுத்துப் படைக்காத ஒருவருக்குச் சூட்டியிருக்கிறார்கள். எல்லையில்லாத அறிவு உண்டு, எல்லையில்லாத படைப்பாளன் இல்லை. 'எல்லா மதமும் ஒரே படைப்பாளனைத்தான் சொல்கிறது' என்று யாராவது ஆரம்பித்தால் விஜயமங்கலம் வரை ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள்.

இஸ்லாமும் கிறித்தவமும் நான் வகுப்பில் தவறாகச் சொன்னதையே சரியாகச் சொல்கின்றன. நூலும் இல்லை தறியும் இல்லை, 'ஆகுக' என்றான், ஆயிற்று. படைத்தவனும் படைப்பும் ஒருநாளும் ஒன்றாகாது. 'நாம் அவனுடைய துளி' என்பதை அங்கே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "ஆதியும் அந்தமுமாயிருக்கிறேன்" என்ற வரி தமிழ் பைபிளின் வெளிப்படுத்தல் பகுதியில் வருகிறது. முதன்முதலாகக் கேட்டபோது அவிநாசிப் பதிகம்தான் காதில் ஒலித்தது. சொல் ஒன்று, கணக்கு வேறு.

ஆழியாற்றில் அறிவுத்திருக்கோயில் அமைத்த வேதாத்திரி மகரிஷியை (1911–2006) இங்கே விட முடியாது. கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கம் தெருவுக்கு ஒருவராவது அவருடைய மனவளக்கலை என்ற தியானப் பயிற்சி பயின்றவர் இருப்பார். அவர் சுத்தவெளியையே தெய்வம் என்றார். வற்றாயிருப்பு, பேராற்றல், பேரறிவு, காலம் என்ற நான்கும் அதன் வளங்கள், அதுவே தன்னைத் தானே இறுக்கி அணுவாகி அண்டமாயிற்று என்றார். அவரும் நெசவுக் குடும்பத்துக்காரர் என்பதால் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 'எல்லையற்ற' என்பதை இவ்வளவு நேராக எடுத்துக்கொண்டவர் குறைவு. ஆனாலும் சுத்தவெளியைப் பார்த்து முதலை விஷயத்தைச் சொல்லி முறையிட எனக்கு வாய் வராது. இது என் பலவீனமாக இருக்கலாம்.

'ஏன் படைத்தான்' என்று கேட்டால், தன்னை அனுபவிக்க என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கம்பர் "அலகிலா விளையாட்டு" என்கிறார், அளவில்லாத விளையாட்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எதிர் வீட்டில் அழுகிற அம்மாவிடம் போய் 'இது அவன் விளையாட்டு' என்று சொல்ல முடியுமா? உயிரின் அழுக்குப் பக்குவப்பட்டுக் கழல்வதற்காக உடம்பும் உலகமும் தருகிறான் என்ற சித்தாந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படுகிறது.

கடைசியாகக் கம்பம். மாரியம்மன் நோன்பி (எங்கள் பக்கத்துத் திருவிழா) சாட்டினால் மூன்று கவடு உள்ள மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் கம்பக்குழியில் நடுகிறோம். அம்மனுக்குப் புருஷன் என்று சொல்லி, விடிவதற்குள் பெண்கள் ஈரத்துணியோடு வந்து மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக ஊற்றுகிறார்கள். நோன்பி முடிந்ததும் அதைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடுகிறோம். எல்லையில்லாதவனை அதற்குள் அடைத்துவிட்டதாக நினைத்திருந்தால் அப்படி ஆற்றில் விடுவார்களா?

இந்தக் கேள்வியைச் சின்ன வயதில் நான் எங்கள் அம்மாயியிடம் (அம்மாவின் அம்மா) கேட்டேன், கம்பத்தை ஆற்றில் விட்ட மறுநாள். "சாமி போயிருச்சா?" என்றேன். "எங்கடா போவும்?" என்று திருப்பிக் கேட்டார். குழியை மூடி மண் தள்ளியிருந்தார்கள், அதன் மேலேயே சைக்கிள்கள் போய்வந்துகொண்டிருந்தன. அம்மாயி மட்டும் அந்த இடம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தாண்டிய பிறகு போட்டுக்கொண்டார்.